ழான் தார்க்: ஒரு போர்க்கப்பலின் வாழ்வும் பணியும்

போர்க்கப்பல்களை மக்கள் நினைவிற் கொள்ளும் முறை விந்தையானது. 1914 ஆம் ஆண்டு செப்டம்பர் 22 ஆம் நாள் இரவு, எம்டன் என்னும் ஜெர்மானியக் க்ரூசர் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று ஏறத்தாழ 130 குண்டுகளை வீசிற்று. கரையிலிருந்த எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. சிறிது நேரத்துக்குள் அக்கப்பல் இருளில் மறைந்துவிட்டது. அவ்வாண்டு நவம்பர் 9 ஆம் நாள் கோகோஸ் தீவுகளின் அருகே சிட்னி என்னும் ஆஸ்திரேலியக் கப்பல் அதனை அழித்தது. எனினும் தமிழில் அது இன்றும் அழியவில்லை. அஞ்சத்தக்கவனை, எளிதில் பிடிகொடாதவனை, 'அவன் பெரிய எம்டன்' என்று சொல்லும் வழக்கு நம்மிடையே நிலைத்துவிட்டது. சிறிது நேர அச்சம் ஒரு சொல்லாக மாறி, நூறாண்டைக் கடந்து நிற்கிறது.

அதே போரில், எம்டன் வந்து சென்ற ஓராண்டுக்குள், மற்றொரு க்ரூசரின் அணி மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைச் சாவின் வாயிலிருந்து மீட்டது. அவ்வணியின் தலைமைக் கப்பலாகிய ழான் தார்க் பிரெஞ்சுக் கடற்படையைச் சேர்ந்தது. ஜோன் ஆஃப் ஆர்க் என்று நாம் பள்ளிப் பாடங்களில் படித்த வீரமங்கையின் பெயரைத் தாங்கியது. அதன் வரலாற்றை நம்மில் அறிந்தவர் சிலரே. அதனை முதலிலிருந்து முடிவு வரை ஒருமுறை நோக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

கட்டியதன் நோக்கம்

க்ரூசர் என்பது யாது என்பதை முதற்கண் தெளிந்துகொள்ளல் நலம். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் கடற்படைகளின் முதுகெலும்பாக விளங்கியவை பெரும் போர்க்கப்பல்கள். அவை பருத்த கவசமும் பெரிய பீரங்கிகளும் உடையவை. ஆனால் விரைவு குறைந்தவை. க்ரூசர்களோ கவசத்தைக் குறைத்து விரைவைக் கூட்டியவை. நிலக்கரியை மிகுதியாக நிரப்பிக்கொண்டு தொலைதூரக் கடல்களில் நெடுநாள் தனித்துத் திரிய வல்லவை. தம் நாட்டு வணிகக் கப்பல்களைக் காப்பதும் பகை நாட்டு வணிகக் கப்பல்களை வேட்டையாடுவதும் அவற்றின் தொழில்.

பிரான்சு நாட்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் 'இளைய பள்ளியினர்' என்று பெயர் பெற்ற கடற்போர்ச் சிந்தனையாளர் சிலர் இருந்தனர். இங்கிலாந்தின் கடற்படைக்கு நிகராகப் பிரான்சு ஒருநாளும் கப்பல் கட்ட இயலாது. ஆகவே நேருக்கு நேர் மோதுவது அறிவுடைமை அன்று. அந்நாட்டின் உயிர்நாடி வணிகமே. அவ்வணிகத்தைக் கடலில் அறுத்துவிட்டால் அது தானே பணியும் என்பது அவர்கள் கொள்கை. அக்கொள்கையின் நிழலில் வளர்ந்தவையே பிரெஞ்சு நாட்டின் பெரிய க்ரூசர்கள்.

ழான் தார்க் கப்பலை வரைந்தவர் எமில் பெர்த்தான். ஜப்பான் நாட்டுக் கடற்படையை உருவாக்குவதில் பங்கு கொண்ட புகழ்பெற்ற பொறியியலாளர் அவர். 1896 இல் துலோன் துறையில் கட்டுமானம் தொடங்கிற்று. 1899 ஜூன் 8 ஆம் நாள் கப்பல் நீரில் இறக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ 145 மீட்டர். எடை 11,000 டன்னுக்குச் சற்று மேல். 194 மில்லிமீட்டர் வாயளவுள்ள பெரிய பீரங்கிகள் இரண்டு, முன்னொன்றும் பின்னொன்றுமாக அமைந்தன. 138 மில்லிமீட்டர் பீரங்கிகள் பதினான்கு, இருமருங்கிலும் வரிசையாக நின்றன. பக்கங்களில் பொருத்திய எஃகுக் கவசம், மிகப் பருத்த இடத்தில் 150 மில்லிமீட்டர். அறுநூறுக்கும் மேற்பட்ட மாலுமிகள் அதில் பணிபுரிந்தனர். மும்மூன்றாக இரு தொகுதிகளில் நின்ற ஆறு புகைபோக்கிகள், தொலைவிலிருந்தே அக்கப்பலை இன்னதென அடையாளம் காட்டின.

இத்தனை புகைபோக்கிகளும் விரைவின் பொருட்டே. மணிக்கு 23 கடல்மைல் செல்லவேண்டும் என்பது திட்டம். ஆனால் சோதனை ஓட்டங்கள் நெடுங்காலம் நீடித்தும் 22 கடல்மைலைக்கூட அக்கப்பல் எட்டவில்லை. எந்த ஒரு சிறப்புக்காகக் கட்டினார்களோ அச்சிறப்பே அதற்கு வாய்க்கவில்லை. இத்தனை பெரிய உடலுக்கு இரண்டே பெரிய பீரங்கிகள்தாமா என்ற குறைகூறலும் எழுந்தது.

காலம் மற்றொரு மாற்றத்தையும் செய்தது. கப்பல் துலோனில் வளர்ந்துகொண்டிருந்த 1898 ஆம் ஆண்டில், சூடான் நாட்டில் ஃபஷோடா என்னுமிடத்தில் பிரெஞ்சுப் படையும் ஆங்கிலப் படையும் எதிரெதிர் நின்றன. இரு நாடுகளுக்கும் இடையே போர் மூளும் என்றே உலகம் எண்ணிற்று; மூளவில்லை. 1904 இல் இரு நாடுகளும் நட்புறவு உடன்படிக்கை செய்துகொண்டன. பதினைந்தாம் நூற்றாண்டில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டு, 1431 இல் ரூவான் நகரில் எரியூட்டப்பட்ட மங்கையின் பெயரைத் தாங்கி, ஆங்கிலேயரின் வணிகத்தை வேட்டையாடுவதற்கென வரைந்த கப்பல், சேவைக்கு வந்த சில ஆண்டுகளுக்குள் வேட்டையாடுவதற்குப் பகையின்றி நின்றது.

மாணவர் கப்பல்

தொடக்க ஆண்டுகளில் ழான் தார்க் பெற்ற பெருமை அலங்காரப் பெருமை எனலாம். 1903 ஏப்ரலில் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் எமில் லூபே அல்ஜீரியா நாட்டுக்குச் சென்றபோது அவரை ஏற்றிச் சென்றது இக்கப்பலே. ஆறு புகைபோக்கிகளும் நெடிய மேனியும் கொண்ட கப்பல், ஆட்சியின் ஆடம்பரத்தைக் குடியேற்ற நாட்டின் துறைமுகத்தில் காட்டுவதற்கு மிகப் பொருந்தியது.

1912 இல் அதற்குப் புதிய பணி கிடைத்தது. கடற்படைக் கல்லூரியில் ஏட்டுக்கல்வி முடித்த இளம் அதிகாரிகளை ஏற்றிக்கொண்டு கடல் கடந்து சென்று, காற்றையும் நீரோட்டத்தையும் விண்மீன்களையும் கண்ணெதிரே காட்டிக் கற்பிக்கும் பயிற்சிக் கப்பலாக அது அமர்த்தப்பட்டது. போருக்கெனப் பிறந்து விரைவிற் குறைந்த கப்பல் கல்விக்கு மிகவும் ஏற்றதாயிற்று. பலரைத் தங்கவைக்க இடம் இருந்தது. நெடுந்தூரம் செல்லும் ஆற்றல் இருந்தது. இப்பணியே பிற்காலத்தில் அதன் பெயரை நிலைநிறுத்தியது என்பதைப் பின்னர்க் காண்போம்.

1914 ஆகஸ்டில் உலகப்போர் மூண்டதும் மாணவர்கள் இறங்கினர். கப்பல் போர்க்கோலம் பூண்டது. முதலில் ஆங்கிலக் கால்வாயின் மேற்கு வாயிலில், ஆங்கிலேயரோடு தோள் சேர்த்துக் காவல் புரிந்தது. 1915 இல் மத்தியதரைக் கடலின் கிழக்குப் பகுதிக்குச் சென்றது. அவ்வாண்டு ஏப்ரல் 25 ஆம் நாள், தார்தனெல்ஸ் நீரிணையின் ஆசியக் கரையிலுள்ள கும் கலே என்னுமிடத்தில் பிரெஞ்சுப் படை இறங்கியபோது, கடலிலிருந்து பீரங்கித் துணை வழங்கிய கப்பல்களுள் ழான் தார்க் ஒன்று. எதிரியின் கவனத்தைத் திசைதிருப்புவதே அவ்விறக்கத்தின் நோக்கம். ஆகையால் இரண்டொரு நாளில் படையினர் திரும்பவும் கப்பலேற்றப்பட்டனர்.

அந்த ஏப்ரல் 25 க்கு முந்திய நாளை நாம் நினைவிற் கொள்ளவேண்டும். ஏப்ரல் 24 ஆம் நாள், ஒட்டோமன் பேரரசின் தலைநகராகிய கான்ஸ்டான்டிநோபிளில், ஆர்மீனிய இனத்தின் அறிஞரும் எழுத்தாளரும் தலைவர்களுமாகிய பலர் இரவோடிரவாகச் சிறைப்பிடிக்கப்பட்டனர். அதனைத் தொடர்ந்து, ஊர் ஊராக ஆர்மீனிய மக்கள் வீடுகளினின்றும் வெளியேற்றப்பட்டுச் சிரியப் பாலைவனம் நோக்கி நடத்தப்பட்டனர். வழியில் கொல்லப்பட்டோரும் பசியாலும் நோயாலும் மடிந்தோரும் பல இலட்சம். மே 24 ஆம் நாள் பிரான்சு, பிரிட்டன், ரஷ்யா ஆகிய மூன்று அரசுகளும் கூட்டறிக்கை ஒன்றை விடுத்து, இச்செயல்களை மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்கள் எனக் கண்டித்தன. அறிக்கை வந்தது, மீட்க எவரும் வரவில்லை.

முற்றுகைக் காவல்

1915 கோடையில், சிரியக் கரையைக் காவல் செய்த பிரெஞ்சு அணியின் தலைவர் துணை அமிரால் தார்த்தீஜ் து ஃபூர்னே. அவர் கொடியைத் தாங்கிய கப்பல் ழான் தார்க். ஆகஸ்டில் அக்கரை முழுவதும் முற்றுகையிடப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. செப்டம்பர் முதல் நாள், கரைக்கு மிக அண்மையிலுள்ள ருவாத் என்னும் சிறு தீவைப் பிரெஞ்சு மாலுமிகள் கைப்பற்றி, அதனைக் காவல் நிலையாக அமைத்துக்கொண்டனர். அவ்வாண்டு டிசம்பர் 28 ஆம் நாள், ஆசிய மைனர் கரையை ஒட்டிய கஸ்தெலோரிஸோ தீவில் ழான் தார்க் கப்பலின் மாலுமிகள் இறங்கி அதனையும் பிடித்தனர்.

முற்றுகை என்னும் சொல் ஏட்டில் எளிதாகத் தோன்றுகிறது. கரையில் அதன் பொருள் வேறு. லெபனான் மலைநாடு தனக்கு வேண்டிய தானியத்தில் பெரும்பகுதியை வெளியிலிருந்து பெற்றுவந்த நாடு. 1915 வசந்தத்தில் வெட்டுக்கிளிக் கூட்டம் வந்து பயிரைத் தின்றது. எஞ்சியதை ஒட்டோமன் படை தன் தேவைக்கென எடுத்துக்கொண்டது. மலைநாட்டுக்குத் தானியம் செல்வது தடைப்பட்டது. பதுக்குவோர் விலையை ஏற்றினர். கடல் வழியோ நேச நாட்டுக் கப்பல்களால் அடைபட்டுவிட்டது. போர் முடிவதற்குள் அப்பஞ்சத்தில் மாண்டோர் ஓர் இலட்சத்துக்கும் இரண்டு இலட்சத்துக்கும் இடைப்பட்டவர் என்று கணக்கிடுவர். தாது வருடப் பஞ்சத்தின் கதைகளைப் பாட்டிமார் வாய்மொழியாகக் கேட்டு வளர்ந்த தமிழ்மக்களுக்கு, பஞ்சம் என்பது மழை பொய்ப்பதால் மட்டும் வருவதன்று என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அப்பஞ்சத்துக்குக் காரணம் பல. பழி முழுவதும் கப்பல்களைச் சாராது. ஆயினும் அக்கடலை அடைத்து நின்ற கப்பல்களுள் ழான் தார்க் ஒன்று என்பதை மறைத்துவிட்டு அதன் புகழை மட்டும் பாடுவது வரலாறாகாது. இனி நாம் காணப்போகும் அருஞ்செயல் நிகழ்ந்ததும் இதே முற்றுகைக் காவலின் இடையிலேதான்.

மூசா மலை

அந்தியோக்கியா நகருக்கு மேற்கே, ஒரொந்தெஸ் ஆறு கடலொடு கலக்கும் இடத்துக்கு வடக்கே, கடலை நோக்கிச் செங்குத்தாக எழுந்து நிற்கிறது மூசா மலை. மோசேயின் மலை என்பது பெயரின் பொருள். அதன் உட்சரிவுகளில் ஆர்மீனியச் சிற்றூர்கள் சில இருந்தன. பட்டுப்புழு வளர்ப்பும் சீப்புச் செதுக்கலும் அம்மக்களின் தொழில்கள். 1915 கோடையில் அவர்களுக்கும் வெளியேற்ற ஆணை வந்தது. சில குடும்பங்கள் ஆணைக்குப் பணிந்து புறப்பட்டன. ஏனையோர் ஆடுமாடுகளையும் கைக்கெட்டிய உணவுப்பொருள்களையும் எடுத்துக்கொண்டு மலையேறினர்.

அங்ஙனம் ஏறியோருள் படைவீரர் சிலரே. ஒட்டோமன் படையில் முன்பு அதிகாரியாயிருந்த மோவ்சேஸ் தெர் கலூஸ்தியான் போர்முறையை ஒழுங்குபடுத்தினார். திக்ரான் அந்திரேயாசியான் என்னும் இளம் போதகர் மக்களுக்கு ஊக்கமூட்டினார். மலைமேல் தங்களை நடத்துவதற்கு ஒரு குழுவை அவர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தனர். சாவு எதிரே நிற்கும்போதும் யார் ஆணையிடுவது என்பதை முறைப்படி முடிவு செய்த அவ்வூரார் பண்பு போற்றத்தக்கது. அவர்களிடம் இருந்தவை சில நூறு துப்பாக்கிகள். அவற்றுள் பெரும்பாலானவை பழைமையானவை. கணவாய்களில் பதுங்குகுழி வெட்டி, பாறை உருட்டி, இருளைத் துணைக்கொண்டு, தாக்க வந்த படைகளை மீண்டும் மீண்டும் பின்வாங்கச் செய்தனர். ஆனால் முற்றுகை இறுகிற்று. உணவும் வெடிமருந்தும் தேய்ந்தன.

மூன்று புறமும் பகை. ஒரு புறம் கடல். கடலில் எப்போதாவது ஒரு கப்பல் வரலாம் என்பதொன்றே நம்பிக்கை. பெண்கள் வெள்ளைத் துணிகளை இணைத்து இரண்டு பெருங்கொடிகள் தைத்தனர். ஒன்றில் செஞ்சிலுவை வடிவம். மற்றொன்றில், கிறித்தவர் இடரில் உள்ளனர், காப்பாற்றுங்கள் என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் பெரிய எழுத்துகள். அவற்றைக் கடலைப் பார்த்த சரிவில் மரங்களில் கட்டிவிட்டுக் காவலிருந்தனர். நீந்த வல்ல இளைஞர்கள் கடிதத்தோடு கரையில் காத்துக்கிடந்தனர்.

செப்டம்பர் 5 ஆம் நாள், முற்றுகைக் காவலில் சென்றுகொண்டிருந்த கிஷேன் என்னும் பிரெஞ்சுக் க்ரூசர் அக்கொடிகளைக் கண்டது. அதன் தலைவர் பிரிஸ்ஸோன். முற்றுகைக் காவலின் ஆணை கடலைப் பார்ப்பதற்கே. மலைச்சரிவில் அசையும் துணியை உலர்த்தப் போட்ட துணியென்று கருதிக் கடந்து போவதற்குத் தடை ஏதுமில்லை. கிஷேன் கடந்து போகவில்லை. கரையிலிருந்து இளைஞர் நீந்திச் சென்று கப்பலேறித் தம் மக்களின் நிலையைச் சொன்னார்கள். செய்தி அமிராலுக்குச் சென்றது. மறுநாளே ழான் தார்க் அவ்விடத்துக்கு வந்தது.

மலைமேலிருந்தோர் முதலில் கேட்டவை வெடிமருந்தும் உணவுமே என்றும், இயலுமாயின் பெண்டிர் பிள்ளைகளை மட்டும் வேறிடம் சேர்க்குமாறு வேண்டினர் என்றும் கூறுவர். அமிராலின் முன் நின்ற சிக்கல் சிறிதன்று. நான்காயிரம் பேரைக் கப்பலேற்றுவது எளிது, எங்கே இறக்குவது? ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்த சைப்ரஸ் தீவு அருகே இருந்தது. அங்கே இடமில்லை என்ற விடை வந்தது. மேலிடங்களுக்கிடையே தந்திகள் பறந்தன. மூன்று அரசுகள் கூடிக் கண்டன அறிக்கை விடுத்து நான்கு திங்கள்கூட ஆகவில்லை. அக்குற்றத்துக்கு இலக்கானோரைத் தம் நிலத்தில் இறக்குவதென்றதும் தயக்கம் பிறந்தது. மலையிலோ பகைவரின் இறுதித் தாக்குதல் நெருங்கிக்கொண்டிருந்தது.

திட்டமான ஆணை கைக்கு வந்து சேரட்டும் என்று தார்த்தீஜ் து ஃபூர்னே காத்திருக்கவில்லை. பொறுப்பைத் தம்மேல் ஏற்றுக்கொண்டு மக்களை ஏற்றுமாறு பணித்தார். கப்பல்களின் பீரங்கிகள் மலையடிவாரத்துப் படைநிலைகளைச் சுட்டு விலக்கின. செப்டம்பர் 12, 13 ஆகிய நாள்களில் கிஷேன், தெசே, அமிரால் ஷார்னே முதலிய கப்பல்கள் பணியில் ஈடுபட்டன. முதியோரும் நோயாளிகளும் கைக்குழந்தைகளோடு தாய்மாரும் செங்குத்தான சரிவில் இறங்கிக் கரையை அடைந்தனர். அலை மோதும் அக்கரையிலிருந்து மாலுமிகள் படகுகளிலும் மிதவைகளிலும் அவர்களைக் கப்பல்களுக்குக் கொண்டு சேர்த்தனர். நான்காயிரத்துக்கும் மேற்பட்டோர் எகிப்து நாட்டின் போர்ட் சயீது துறைமுகத்தில் இறக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளுமே. இறக்கிய பின்னர்தான் அவர்களுக்கு இடம் தேடும் பேச்சுக்கு முடிவு ஏற்பட்டது. அங்கேயே கூடாரங்கள் எழுந்தன.

வணிகக் கப்பலை வேட்டையாடும் விரைவு இப்பணிக்கு வேண்டப்படவில்லை. குறைகூறப்பட்ட அப்பீரங்கிகளே இப்பணிக்குப் போதுமானவையாயின. கப்பலை வரைந்தவர் கணக்கில் வாராத பணி அது.

மீட்டவரும் மீண்டவரும்

மீட்டவர்களுக்கு நேர்ந்தது என்ன? அமிரால் ஷார்னே கப்பலை 1916 பிப்ரவரி 8 ஆம் நாள் ஜெர்மானிய நீர்மூழ்கி ஒன்று பெய்ரூட் கடலில் தாக்கிற்று. சில நிமிடங்களில் அது மூழ்கியது. நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சில நாள் கழித்து ஒரு மிதவையில் உயிரோடு கண்டெடுக்கப்பட்டவர் ஒரே ஒருவர். ஐந்து திங்களுக்கு முன் நீரிலிருந்து குழந்தைகளைத் தூக்கி மேலேற்றிய கைகள் அக்கப்பலுக்குரியவை.

தார்த்தீஜ் து ஃபூர்னே 1915 அக்டோபரில் மத்தியதரைக் கடல் பிரெஞ்சுக் கடற்படை முழுவதற்கும் தலைவரானார். 1916 டிசம்பர் முதல் நாள் ஏதென்ஸ் நகரில் இறக்கிய படைக்கும் கிரேக்கருக்கும் மூண்ட சண்டையில் பலர் மாண்டனர். அதன் விளைவாக அவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். ஆணைக்குக் காத்திராது மக்களை மீட்டதற்காக அவரைப் பெரிதும் புகழ்ந்தவர் எவர் என்று நோக்கின், அவர்கள் மீட்கப்பட்ட மக்களே.

மீண்டவர்கள் போர்ட் சயீது முகாமில் நான்காண்டு வாழ்ந்தனர். பள்ளியும் கைத்தொழிற் கூடங்களும் அங்கு எழுந்தன. இளைஞர் பலர் 1916 இறுதியில் பிரான்சு அமைத்த கீழைப் படைப்பிரிவில் சேர்ந்தனர். 1918 செப்டம்பரில் பாலஸ்தீனத்து அராரா போரில் அப்படைப்பிரிவு போரிட்டது. போர் முடிந்து 1919 இல் மக்கள் தம் மலைக்குத் திரும்பினர். அங்கே பிரெஞ்சு ஆட்சி நடந்தது. இருபதாண்டு கழித்து, 1939 இல், இரண்டாம் உலகப்போர் நெருங்கிய வேளையில், அம்மாவட்டத்தைத் துருக்கிக்கு விட்டுக்கொடுத்தது அதே பிரான்சு. பெரும்பாலோர் மீண்டும் ஊர்விட்டுப் புறப்பட்டு லெபனான் நாட்டின் பெக்கா பள்ளத்தாக்கில் அன்ஜார் என்னும் ஊரை அமைத்துக் குடியேறினர். சிலர் வக்கிஃப்லி என்னும் ஒரே ஊரில் தங்கினர். 2023 பிப்ரவரி நிலநடுக்கத்தில் அவ்வூரும் பெருஞ்சேதம் அடைந்தது.

இதனால் நாம் உணரத்தக்கது ஒன்றுண்டு. ஒரு கப்பலின் கருணை ஓர் அரசின் கொள்கையாகிவிடுவதில்லை. 1915 இல் கொடியைக் கண்டு நின்றவர்கள் சில மாலுமிகளும் ஓர் அமிராலும். 1939 இல் முடிவு செய்தவர்கள் கோப்புகளைக் கண்டு முடிவு செய்தார்கள். அக்கோப்புகளில் வெள்ளைக்கொடி ஏதும் தெரிந்திராது. இருப்பினும் அந்த இருநாட் செயல் வீணாயிற்று என்று சொல்லவியலுமா? அன்ஜாரிலும் ஆர்மீனியாவிலும் பிரான்சிலும் அமெரிக்காவிலும் இன்று வாழும் பல்லாயிரம் குடும்பங்களே அதற்கு விடை. செப்டம்பர்தோறும் கோதுமையையும் இறைச்சியையும் பெருங்கொப்பரைகளில் இரவு முழுதும் கிண்டிச் சமைத்து, ஊர்கூடிப் பகிர்ந்துண்டு அம்மீட்சியை அவர்கள் கொண்டாடுகின்றனர்.

பெயர் நின்ற வகை

போர் முடிந்தபின் ழான் தார்க் மீண்டும் மாணவர் கப்பலாயிற்று. 1919 முதல் 1928 வரை ஆண்டுதோறும் இளம் அதிகாரிகளை ஏற்றிக்கொண்டு உலகின் பல கடல்களையும் கண்டுவந்தது. 1920 இல் ரோமாபுரியில் ஜோன் ஆஃப் ஆர்க் புனிதராக உயர்த்தப்பட்டார். கப்பலுக்குப் பெயரிட்ட காலத்தில் அவர் புனிதர் பட்டம் பெறாத வீராங்கனையே. பெயரின் மதிப்பு கப்பலின் வாழ்நாளிலேயே உயர்ந்தது. பின்னர்ப் பயிற்சிப் பணி எத்கார் கினே என்னும் க்ரூசருக்குச் சென்றது. அது 1930 ஜனவரியில் அல்ஜீரியக் கரையருகே கடலடிப் பாறையில் மோதி அழிந்தது. அவ்வாண்டே, பயிற்சிக்கெனவே கட்டிய புதிய கப்பல் நீரில் இறங்கிற்று; அதற்கும் ழான் தார்க் என்றே பெயரிட்டார்கள். அதற்குப்பின் 1964 இல் சேவைக்கு வந்த ஹெலிகாப்டர் தாங்கிக் கப்பலும் அப்பெயரையே ஏற்று, 2010 வரை மாணவர்களைச் சுமந்தது. ஏறத்தாழ நூறாண்டுக் காலம், பிரெஞ்சுக் கடற்படை அதிகாரிகளின் தலைமுறைகள் பல அப்பெயருடைய கப்பல்களில் கடலைக் கற்றன.

பழைய கப்பல் 1933 இல் கடற்படைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு, 1934 இல் உடைத்தெடுப்பதற்காக விற்கப்பட்டது. அதே 1933 இல்தான், ஆஸ்திரிய எழுத்தாளர் ஃப்ரான்ஸ் வெர்ஃபெல், மூசா மலையின் நாற்பது நாள்கள் என்னும் பெருநாவலை வெளியிட்டார். மலைமேல் நின்ற மக்களின் கதை அதன்வழி உலகறிந்த கதையாயிற்று. இரும்பு உலைக்குச் சென்ற காலத்தில் நினைவு ஏட்டுக்கு வந்தது.

இனி நம் தமிழ் மரபை நோக்குவோம். கடலில் கப்பல் உடைந்து தத்தளித்த தன் முன்னோன் ஒருவனைக் காத்த மணிமேகலா தெய்வத்தின் பெயரையே கோவலன் தன் மகளுக்கு இட்டான் என்பது சிலப்பதிகாரம் தரும் செய்தி. எவனோ ஒரு முன்னோன் கரையேறிய நன்றி ஒரு பெண்மகவின் பெயராயிற்று. அப்பெயர் ஒரு காப்பியத்தின் பெயரும் ஆயிற்று. நம் மொழிக்கு எம்டனையும் நினைவில் வைக்கத் தெரிந்திருக்கிறது. மணிமேகலையையும் நினைவில் வைக்கத் தெரிந்திருக்கிறது. கடலிலிருந்து வந்த அச்சம் ஒரு வசைச்சொல்லாகவும், கடலில் கிடைத்த அருள் ஒரு மகளின் பெயராகவும் நம்மிடம் வாழ்கின்றன.

ழான் தார்க் கப்பலின் முப்பதாண்டுச் சேவையைக் கணக்கிட்டால், மூசா மலைக்கு எதிரே அது கழித்த நாள்கள் மிகச் சில. எஞ்சிய நாளெல்லாம் காவல், பயணம், பயிற்சி, முற்றுகை. அம்முற்றுகையால் பசித்தோரின் கணக்கும் அதன் பெயரில் உண்டு. இரண்டு கணக்கையும் ஒருங்கே வைத்துப் படிப்பதே நேர்மை. மலைச்சரிவில் அசைந்த துணியை ஒரு க்ரூசர் நின்று நோக்கிற்று. நோக்கியதை அமிரால் நம்பினார். நம்பியவர் ஆணைக்குக் காத்திராமல் படகுகளை இறக்கினார். ஏதேனும் ஒரு கடற்கரையில் அத்தகைய துணி இன்னும் அசைந்துகொண்டே இருக்கும் காலம் இது. அதனைக் காணும் கப்பலில் இருப்போர் இக்கதையைப் படித்தவராக இருத்தல் வேண்டும் என்பதே நம் வேட்கை.